உங்களுக்குத் தெரியுமா? – கண்ணுக்கு அகப்படாத கோல்ஃப் வீச்சு

● கோல்ஃப் மட்டையின் தலை பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம், ஒரு நொடியை இரண்டாயிரமாகக் கூறுபோட்டால் அதில் ஒரு கூறு. அதற்குள் பந்து நசுங்கி, நிமிர்ந்து, கிளம்பியும் விடுகிறது. "பந்தில் படும்போது மணிக்கட்டை லேசாக இப்படித் திருப்பினேன்" என்று யாராவது சொன்னால் மரியாதைக்குத் தலையாட்டி வையுங்கள். பட்ட சேதி கையிலிருந்து மூளைக்குப் போய்ச் சேருவதற்குள் பந்து மட்டையை விட்டுப் பிரிந்திருக்கும். இந்த விளையாட்டைக் கற்பிக்கிறவர்கள் நூறு வருடத்துக்கும் மேலாகக் கேமராவின் பின்னால் ஓடிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான். செய்கிறவருக்கும் தெரியாது, பார்க்கிறவர் கண்ணுக்கும் சிக்காது.

● விக்டர் டிரம்பர் கிரீஸை விட்டுத் தாவி மட்டையை ஓங்கும் அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைக் கிரிக்கெட் பிரியர்கள் எங்காவது பார்த்திருப்பார்கள். எடுத்தவர் ஜார்ஜ் பெல்டம் என்ற ஆங்கிலேயர், தானும் மிடில்செக்ஸ் அணிக்கு ஆடியவர். அதே மனிதர் 1904-இல் ஹாரி வார்டன், ஜே. எச். டெய்லர், ஜேம்ஸ் பிரெய்டு முதலான அன்றைய பெரும் கோல்ஃப் ஆட்டக்காரர்களை வீச்சின் நடுவிலேயே படமெடுத்துப் புத்தகமாகப் போட்டார். கற்றுக்கொள்ள நினைத்தவர்களுக்கு அது புதையல். ஆனால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதை அவரவர் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

● வீடியோ பாடம் யூடியூப் தந்த வரம் என்று நினைப்பவர்களுக்கு: 1931-இல் அமெரிக்கத் திரையரங்குகளில், முக்கியப் படத்துக்கு முன்னால், கோல்ஃப் பாடம் ஓடியது. பாடம் நடத்தியவர் பாபி ஜோன்ஸ். அதற்கு முந்தைய வருடம்தான் பிரிட்டன், அமெரிக்கா இரண்டின் ஓப்பன், அமெச்சூர் பட்டங்கள் நான்கையும் ஒரே ஆண்டில் வென்று, 28 வயதில் போட்டி ஆட்டத்துக்கு முழுக்குப் போட்டிருந்தார். வார்னர் பிரதர்ஸ் அவரை வைத்து 12 குறும்படங்கள் எடுத்தது. 1933-இல் இன்னும் 6.

வெறும் பாடம் என்றால் ஜனம் எழுந்து போய்விடுமே? அதனால் டபிள்யூ. சி. ஃபீல்ட்ஸ், ஜேம்ஸ் காக்னி, லொரெட்டா யங் போன்ற நட்சத்திரங்களைக் கூடவே நடிக்க வைத்தார்கள். ஒரு சின்னக் கதை, ஒரு வேடிக்கை, நடுவில் ஜோன்ஸ் வந்து பிடியைத் திருத்திவிட்டுப் போவார். வீச்சைக் காட்ட மெதுவோட்டப் படப்பிடிப்பும் உண்டு. இன்றைய பயிற்சி வீடியோக்கள் பலவற்றைப் பார்த்துவிட்டு இந்தப் படங்களைப் பார்த்தால், தொண்ணூறு வருடத்தில் கூடியது பேச்சு மட்டுமோ என்று எனக்குச் சந்தேகம் வருகிறது.

● எம்.ஐ.டி. பேராசிரியர் ஹரோல்டு எட்ஜர்டன் வீச்சை வேறு வழியில் பிடித்தார். இருட்டு அறை, மூடாமல் திறந்தே வைத்த கேமரா, நொடிக்கு 100 முறை வெட்டும் ஒளி. 1938-இல் டென்ஸ்மோர் ஷூட் என்ற தொழில்முறை ஆட்டக்காரர் அந்த வெளிச்சத்தில் ஒரு முறை வீசினார். ஒரே படத்தில் விசிறி விரித்ததுபோல் வரிசையாக மட்டைகள். மட்டைத் தண்டு எப்படி வளைகிறது, தலை எந்த இடத்தில் வேகம் பிடிக்கிறது என்பதெல்லாம் இடைவெளியை அளந்தாலே புரியும். நெருக்கமாக விழுந்த கோடுகள் மெதுவானவை, விலகி விழுந்தவை வேகமானவை. அருங்காட்சியகத்தில் கலைப்படைப்பாகவும் மாட்டுகிறார்கள், ஆய்வுக்கூடத்தில் அளவுகோலாகவும் வைக்கிறார்கள்.

● கேமராவைவிட ஓர் ஓவியம் அதிகம் பேருக்குப் பாடம் சொன்னதும் உண்டு. அமெரிக்க ஆட்டக்காரர் பென் ஹோகனின் ஐந்து பாடங்கள் 1957-இல் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டடு இதழில் வந்தன, பிறகு புத்தகமாயின. படம் வரைந்தவர் ஆன்டனி ரவியெல்லி. சாய்வாக நிறுத்திய ஒரு கண்ணாடிப் பலகை, அதன் துளை வழியே ஹோகனின் தலை மட்டும் மேலே. வீச்சு அந்தக் கண்ணாடியை உடைக்காமல் அதன் கீழேயே போய் வர வேண்டும். இன்று பயிற்சியாளர்கள் திரையில் விரலால் இழுக்கும் சிவப்புக் கோடுகளுக்கெல்லாம் மூத்த அண்ணன் அந்தக் கண்ணாடிதான்.

● டெக்சாஸின் ஆஸ்டினில் ஹார்வி பெனிக் என்று ஒரு வாத்தியார். டாம் கைட், பென் கிரென்ஷா இருவரும் சிறு வயதிலிருந்தே அவரிடம் கற்றவர்கள், பின்னாளில் இருவருமே பெரும் பட்டங்கள் வென்றவர்கள். ஒருவருக்குப் பாடம் நடக்கும்போது மற்றவர் பக்கத்தில் நின்று பார்க்கக் கூடாது என்பது பெனிக்கின் கட்டளை. அவனுக்குக் கொடுத்த மருந்து இவனுக்கு விஷமாகலாம் என்ற பயம். தன் அனுபவங்களைப் பல பத்தாண்டுகளாகச் சிவப்பு அட்டை நோட்டு ஒன்றில் குறித்துப் பூட்டி வைத்திருந்தார். 1992-இல் அது புத்தகமாக வந்து விற்பனையில் சக்கைப்போடு போட்டது.

யாருக்கோ சொன்ன திருத்தத்தை உலகமே உட்கார்ந்து பார்க்கும் இந்தக் காலத்தை அவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

● டைகர் உட்ஸின் முதல் வீடியோ பாடத்துக்கு வீடியோவே கிடையாது. அவர் அப்பா ஏர்ல், வீட்டு கராஜில் வலை கட்டிப் பந்தடித்துப் பழகுவார். குழந்தையை உயர நாற்காலியில் உட்கார வைத்திருப்பார். அது பார்த்துக்கொண்டே இருக்கும். இரண்டு வயதில், 1978-இல், மைக் டக்ளஸ் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் நகைச்சுவை நடிகர் பாப் ஹோப்புக்கு முன்னால் அந்தக் குழந்தை மட்டையோடு வந்து நின்றது.

அதே உட்ஸ் 1997-இல் மாஸ்டர்ஸ் பட்டத்தை 12 அடிகள் வித்தியாசத்தில் வென்றார். ஊரெல்லாம் கொண்டாட்டம். அவரோ அந்த ஆட்டத்தின் பதிவைப் போட்டுப் பார்த்து, வீச்சில் குறைகளாகக் கண்டுபிடித்து, பயிற்சியாளர் புட்ச் ஹார்மனோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கட்டினார். ஜெயித்த பதிவைத் தப்புக் கண்டுபிடிக்கப் பார்ப்பவர்கள் உலகத்தில் ரொம்பக் குறைவு.

● கொஞ்சம் கணக்கு. மட்டைத் தலை மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 30 படம் எடுக்கும் சாதாரண வீடியோவில், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் அது ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் ஓடிவிடும். ஒரு படத்தில் மட்டை இன்னும் பந்தை எட்டியிருக்காது. அடுத்த படத்தில் பந்தே இருக்காது. செல்போனில் 240 படம் வைத்தால் இடைவெளி 19 சென்டிமீட்டருக்குள் வரும். அப்போதும் பந்தில் படும் அந்தக் கணம் படத்தில் விழுவதற்குப் ஏறக்குறைய எட்டில் ஒரு வாய்ப்புதான். ஆகவே "இதோ பார், பந்தில் படும்போது உன் மட்டை முகம் திறந்திருக்கிறது" என்று செல்போனைக் காட்டுகிறவர் பெரும்பாலும் காட்டுவது பட்டதற்கு முந்திய அல்லது பிந்திய கணத்தை.

● இன்னொன்றும் இருக்கிறது. செல்போன் கேமரா ஒரு படத்தை ஒரேயடியாக எடுப்பதில்லை, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு வரிவரியாக எடுக்கிறது. வேகமாக வரும் தண்டு அதற்குள் நகர்ந்துவிடுவதால், படத்தில் தூண்டில் கழிபோல வளைந்து தெரியும். தண்டு உண்மையிலேயே கொஞ்சம் வளையும்தான். அவ்வளவு இல்லை.

கேமராவை வைக்கிற இடமும் பொய் சொல்லும். பந்து போகும் திசைக்குப் பின்னால் நின்று எடுக்கும்போது இரண்டடி இடப்பக்கமோ வலப்பக்கமோ தள்ளி வைத்தால் நல்ல வீச்சு கெட்டதாகத் தெரியும், கெட்டது நல்லதாகவும் தெரியும். நல்ல பயிற்சியாளர் பாடத்தைத் தொடங்கும் முன் முக்காலியின் உயரத்தையும் இடத்தையும் சரிபார்ப்பதற்கு மெனக்கெடுவது இதனால்தான். நண்பர் எடுத்துக் கொடுத்த வீடியோவைப் பார்த்து வீச்சை மாற்றிக்கொள்கிறவர், பல சமயம் நண்பர் நின்ற இடத்துக்கு ஏற்பத்தான் தன்னை மாற்றிக்கொள்கிறார்.

● இந்தத் துறையின் பெரிய அவமானக் கதை இது. பந்து எந்தப் பக்கம் கிளம்புகிறது? மட்டை வீசப்பட்ட பாதையில் கிளம்பும், பிறகு மட்டை முகம் பார்க்கும் திசைக்கு வளையும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். நடப்பது கிட்டத்தட்டத் தலைகீழ். பந்து கிளம்பும் திசையைப் பெரும்பங்கு தீர்மானிப்பது மட்டை முகம். முகத்துக்கும் பாதைக்கும் உள்ள வேறுபாடுதான் அதை வளைக்கிறது.

பழைய பாடத்தை நம்பி, தடையாக நிற்கும் மரத்தைச் சுற்றிப் பந்தை வளைத்து அனுப்பப் பார்த்தவர்கள் எத்தனை பேர் நேராக மரத்திலேயே அடித்திருப்பார்கள்! இத்தனைக்கும் உண்மை மறைந்து கிடக்கவில்லை. பிரிட்டன் கோல்ஃப் சொசைட்டி விஞ்ஞானிகளைக் கூட்டி நடத்திய ஆய்வை அலஸ்டர் காக்ரனும் ஜான் ஸ்டாப்ஸும் 1968-இல் புத்தகமாக்கினார்கள். வீச்சை, ஒன்றில் ஒன்று தொங்கும் இரட்டை ஊசலாக விளக்கியது அந்தப் புத்தகம்தான். மட்டை முகத்தின் செல்வாக்கையும் அதிலேயே சொல்லியாயிற்று. 1990-களில் தியடோர் ஜார்கென்சன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் வடிவியல் படம் போட்டே காட்டினார். அவர் அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்த மனிதர். ஆனாலும் பயிற்சித் திடலில் காது கொடுத்தவர்கள் சிலரே.

கேட்க வைத்தது ஒரு ஆரஞ்சு நிறப் பெட்டி. டென்மார்க்கில் 2003-இல் தொடங்கிய டிராக்மேன் நிறுவனத்தின் ரேடார். அதை உருவாக்கிய ஃபிரெட்ரிக் டுக்ஸன் அதற்கு முன்னால், பறக்கும் எறிகணைகளைப் பின்தொடரும் ராணுவ ரேடார்களில் வேலை பார்த்தவர். குண்டைத் தொடர முடிந்தால் பந்தை முடியாதா? ஒவ்வொரு அடிக்கும் பாதை இத்தனை பாகை, முகம் இத்தனை பாகை என்று திரையில் எண் வந்து விழுந்ததும் விவாதம் அடங்கியது. புத்தகம் சொன்னபோது நம்பாதவர்கள் பெட்டி சொன்னதும் நம்பினார்கள்.

● அதே பெட்டி இன்னொன்றையும் காட்டியது. டிராக்மேன் முன்பு வெளியிட்ட சராசரிப்படி, அமெரிக்க பி.ஜி.ஏ. சுற்றின் ஆண்கள் டிரைவர் என்ற நெடுந்தூர மட்டையால் பந்தைச் சற்றுக் கீழ்நோக்கியே அடித்தார்கள் (1.3 பாகை). எல்.பி.ஜி.ஏ. பெண்கள் 3 பாகை மேல்நோக்கி அடித்தார்கள். அப்போது ஆண்களின் மட்டை வேகம் சராசரியாக மணிக்கு 113 மைல், பெண்களுக்கு 94. இருக்கிற வேகத்தில் ஒரு துளியையும் வீணாக்காமல் தூரமாக மாற்றும் வித்தை பெண்களிடம்தான். வார இறுதியில் ஆடும் ஆண்களில் பலருடைய வேகமும் 94-க்குப் பக்கத்தில்தான். ஆனால் அவர்கள் வீட்டில் போட்டுப் பார்ப்பது ஆண்கள் சுற்றின் நட்சத்திரம் ரோரி மெக்கில்ராயை.

● ரேடார் பின்னால் நின்று பந்தின் முழுப் பயணத்தையும் தொடரும். பக்கத்தில் வைக்கும் அதிவேகக் கேமராக் கருவிகள், அடித்த அந்தக் கணத்தை மட்டும் படம்பிடித்து மீதியைக் கணக்கால் சொல்லும். மழைக்காலத்தில் அறைக்குள் பயிற்சி என்றால் இரண்டாவது வகைக்கு மதிப்பு கூடுதல்.

● இயந்திரம் அடித்தும் பார்த்திருக்கிறார்கள். 1960-களில் ட்ரூ டெம்பர் நிறுவனம் செய்த ரோபோவுக்கு, அலுங்காமல் ஒரே மாதிரி வீசும் ஆட்டக்காரர் பைரன் நெல்சனின் பெயரையே வைத்தார்கள்: அயர்ன் பைரன். அதற்குக் கோபமும் இல்லை, நேற்று இரவு தூக்கமின்மையும் இல்லை. பந்துகளையும் மட்டைகளையும் சோதிக்க அமெரிக்க கோல்ஃப் சங்கமும் அதைப் பயன்படுத்தியது.

● தாளம். ஜான் நொவோசெல் என்பவர் பெரிய ஆட்டக்காரர்களின் வீடியோக்களைப் படம் படமாக எண்ணிப் பார்த்து 2004-இல் ஒரு புத்தகம் போட்டார். மட்டையை மேலே கொண்டுபோக 27 படம், கீழே வந்து பந்தில் பட 9 படம். வேறொருவருக்கு 24, 8. இன்னும் விரைவானவருக்கு 21, 7. மெதுவாக ஆடுகிறவரோ வேகமாக ஆடுகிறவரோ, கணக்கு மூன்றுக்கு ஒன்று. "மெதுவா... மெதுவா..." என்று காலங்காலமாகச் சீடனின் காதில் ஓதிவந்த வாத்தியார்களுக்கு இது சங்கடமான சேதி. பெரிய ஆட்டக்காரர் மெதுவாகத் தெரிவது ஒத்திசைவால். முழு வீச்சும் ஒன்றேகால் நொடிக்குள் முடிந்துவிடுகிறது.

● ஆனால் போட்டிச் சுற்று நடக்கும்போது வீச்சுக்குத் தாளம் பிடிக்க இயர்போனில் பாட்டுக் கேட்பது விதிமீறல். தூரம் அளக்கும் கருவி 2019 முதல் பொதுவாக அனுமதி. அதே கருவி மேடு பள்ளத்தையும் காற்றையும் கணக்கிட்டுச் சொன்னால் கூடாது.

● கேமராவுக்குத் தெரியாத ஒன்று பாரம். உடம்பு எங்கே இருக்கிறது என்று படம் காட்டும். கால் தரையை எவ்வளவு அழுத்துகிறது என்று காட்டாது. அதற்குத்தான் அழுத்தத் தட்டுகள் வந்தன. நல்ல ஆட்டக்காரர்களிடம், மட்டை இன்னும் பின்னால் போய்க்கொண்டிருக்கும்போதே அழுத்தம் முன்காலுக்கு மாறத் தொடங்கிவிடுகிறது. வீடியோவை எத்தனை முறை ஓட்டினாலும் இது தெரியாது.

● சரி, வீடியோ போட்டுக் கற்றால் நிஜமாகவே ஆட்டம் தேறுமா? மார்க் குவாடக்னோலியும் உடன் ஆய்வாளர்களும் 2002-இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். 30 ஆட்டக்காரர்கள், மூன்று குழுக்கள். முதல் குழுவுக்கு வாத்தியாரும் வீடியோவும். இரண்டாவதற்கு வாத்தியார் மட்டும், வாய்ப்பாடம். மூன்றாவது தானே பழகிக்கொள்ள வேண்டும். தலா 90 நிமிடமாக நான்கு அமர்வுகள். முடிந்த கையோடு 7-ஆம் எண் அயர்ன் மட்டையால் 15 பந்துகள் அடிக்கச் சொன்னார்கள்.

முடிவு? பாடம் கேட்ட இரு குழுவும், பாடமே கேட்காதவர்களைவிட மோசமாக ஆடின!

இரண்டு வாரம் கழித்து மறுபடி அதே சோதனை. இப்போது பாடம் கேட்டவர்கள் முந்தினார்கள், அதிலும் வீடியோ பார்த்தவர்கள் முதலிடம். முதல் பாடம் முடிந்து வெளியே வந்து, முன்பைவிடக் கேவலமாக அடித்து, கட்டணத்தை நினைத்து வயிறெரிந்தவர்கள் எல்லாரும் இந்த ஆய்வைப் படிக்க வேண்டும். இரண்டு வாரம் பொறுக்காமல் வாத்தியாரை மாற்றியவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

● வீடியோவில் ஒரு வில்லங்கமும் உண்டு. கபிரியேல் வுல்ஃபும் அவர் சகாக்களும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், கோல்ஃப் தெரியாதவர்களுக்குச் சின்ன அடிகள் பழக்கினார்கள். பாதிப் பேருக்கு "கையின் அசைவைக் கவனி" என்று சொன்னார்கள். மீதிப் பேருக்கு "மட்டைத் தலையின் அசைவைக் கவனி". மட்டையைக் கவனித்தவர்கள் துல்லியமாக அடித்தார்கள். பிறகு சோதித்தபோதும் அதே முன்னிலை. ஆனால் வீடியோவில் நம் கண் எங்கே போகிறது? தன் முழங்கை, தன் இடுப்பு, தன் தொப்பை. பதிவு செய்த தன் குரலை முதல்முறை கேட்டவருக்கு வருமே ஒரு கூச்சம், அதேதான். அப்புறம் பேசவே தடுமாறும்.

எனவே பெரிய பயிற்சியாளரின் சாமர்த்தியம் கருவியை வாங்குவதில் இல்லை என்பது என் கட்சி. நாற்பது எண்கள் திரையில் மின்னும்போது முப்பத்தொன்பதை மாணவன் கண்ணில் படாமல் மறைப்பதில் இருக்கிறது.

● மாற்றாமல் விட்டதால் ஜெயித்தவர் ஜிம் ஃபியூரிக். மட்டையை மேலே கொண்டுபோய் ஒரு சுழற்றுச் சுழற்றி வேறு வழியில் கீழே இறக்கும் அவர் வீச்சுக்கு எந்தக் கோட்டைப் போட்டாலும் பொருந்தாது. கற்றுக்கொடுத்தது அவர் அப்பா. மகனின் வீச்சில் கைவைக்க யாரையும் விடவில்லை. 2016-இல் ஒரே சுற்றை 58 அடிகளில் முடித்தார் ஃபியூரிக். பி.ஜி.ஏ. சுற்றின் வரலாற்றில் அதற்கு முன் யாரும் அந்த எண்ணைத் தொட்டதில்லை.

● "டிரைவர் அடிப்பது பகட்டுக்கு, பட்டிங் அடிப்பது பணத்துக்கு" என்று கோல்ஃப் உலகில் ஒரு பழமொழி உண்டு; பட்டிங் என்பது பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் சின்ன அடி. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, போட்டிகளில் லேசர் கொண்டு அளந்த லட்சக்கணக்கான அடிகளை எடுத்து அலசினார். நல்லவருக்கும் மிக நல்லவருக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு, குழிக்கு 100 கஜத்துக்கு அப்பாலிருந்து அடிக்கும் அடிகளில் வருகிறது என்று கண்டார். பழமொழி இன்னும் புழக்கத்தில்தான் இருக்கிறது.

● தென்கொரியாவின் கே. ஜே. சோய், வாண்டோ என்ற தீவில் விவசாயி மகன். பள்ளியில் பளு தூக்கியவர். கோல்ஃபுக்கு அவருக்கு வாய்த்த ஆசான் ஜாக் நிக்லஸ் எழுதிய பயிற்சிப் புத்தகம். 2007-இல் மெமோரியல் போட்டியில் பட்டம் வென்றபோது, கை கொடுத்தது போட்டியை நடத்தும் அதே நிக்லஸ்.

● கடைசியாக, மிக நீண்ட தூரத்திலிருந்து நடந்த வீடியோ பாடம். 1971 பிப்ரவரி 6, நிலாவில் அப்பல்லோ 14. ஆலன் ஷெப்பர்டு, மண் மாதிரி அள்ளும் கருவியின் கைப்பிடியில் 6-ஆம் எண் அயர்ன் மட்டையின் தலையைப் பொருத்தி, விறைத்த விண்வெளி உடைக்குள் ஒரே கையால் வீசினார். முதலில் பந்தைவிட மண்ணைத்தான் அதிகம் கிளப்பினார். பிறகு பட்ட பந்து பக்கவாட்டில் ஓடியது. ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த விண்வெளி வீரர் ஃபிரெட் ஹேய்ஸ், அது 'ஸ்லைஸ்' (பக்கவாட்டில் வளைந்து போகும் அடி) போலத் தெரிகிறதே என்று கிண்டலடித்தார். அடுத்த பந்து மைல் கணக்கில் போகிறது என்று அறிவித்துவிட்டுக் கிளம்பினார் ஷெப்பர்டு.

ஐம்பது வருடம் கழித்து, 2021-இல், ஆண்டி சாண்டர்ஸ் என்ற படச் சீரமைப்பு நிபுணர் பழைய படங்களைத் துலக்கி அளந்தார். முதல் பந்து 24 கஜம். மைல் கணக்கில் போன பந்து 40 கஜம்.

ஹூஸ்டன் சொன்னதும் தப்பு. பந்து ஸ்லைஸாகி வளைய வேண்டுமானால் காற்று வேண்டும். நிலாவில் ஏது காற்று?